எந்தக் கப்?

கேள்வி: உங்கள் சமையல் பக்கத்தைப் பார்த்து கேக் செய்தேன். 'இரண்டு கப் கோதுமை மா, நான்கு முட்டை' என்று இருந்தது. அளந்துதான் போட்டேன். ஜோராகப் பொங்கி வந்த கேக், நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. நீங்கள் சொன்னது எந்தக் கப்?
– வாசகி ஒருவர், நுவரெலியா

பதில்: முதலில் நன்றி. 'மா' என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைக்காட்சியைப் பார்த்துப் பார்த்து நம் பிள்ளைகளெல்லாம் 'மாவு' என்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. எங்கள் தீபாவளி மலருக்கு மெய்ப்புப் பார்த்தவர், 'மா' பிழை, 'மாவு'தான் சரி என்று கணினியில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். மாத்தளை மாவுத்தளை ஆயிற்று. மத்திய மாகாணம் மாவுகாணம் ஆயிற்று. நினைவஞ்சலி விளம்பரத்தில் 'எங்கள் அம்மாவு'. அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மெய்ப்பர் இப்போது வேறு இதழில் நன்றாக இருக்கிறார்.

சரி, கப். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கப்தான். தோட்டத்து உதைபந்தாட்டப் போட்டியில் அண்ணன் வாங்கியது. இரண்டு பக்கமும் காது, அடியில் மரக்கட்டை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அந்த லயத்துக் காம்பராவில் அதை வைக்க அலுமாரி ஏது? அம்மா அரிசி அளக்க எடுத்துக்கொண்டார். ஒரு கப் அரிசி போட்டால் ஆறு பேர் சாப்பிடுவோம். அண்ணனின் கூட்டாளிகள் வந்து கப்பைப் பார்க்கவேண்டும் என்றால் அரிசி மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்துக் காட்டுவான். பக்கத்துக் காம்பரா அக்கா ஒருமுறை தொதலுக்கு, அதுதான் துண்டு போடும் அல்வா மாதிரியான இனிப்புக்கு, பக்குவம் கேட்டார். 'ஒரு கப் அரிசி மா, மூணு தேங்காப் பால்' என்றார் அம்மா. அக்கா தன் வீட்டுத் தேத்தண்ணிக் கப்பில் அளந்து, மூன்று தேங்காயையும் பிழிந்து ஊற்றி, பொழுது சாயும்வரை கிண்டினார். கடைசியில் லயமே ஆளுக்கொரு டம்ளர் கொண்டுபோய்த் தொதல் குடித்தது. எல்லாவற்றையும் ஒரே கப்பில் அளந்தால் தொல்லையில்லை. தேங்காயும் முட்டையும் கப்புக்குள் அடங்காத சாமான்கள், வம்பு அங்கேதான்.

'கோப்பை' என்று நல்ல தமிழில் போடலாமே என்பீர்கள். போட்டோம். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு சாப்பிடும் தட்டு. அங்கிருந்து ஹட்டனுக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர், 'வட்டிலப்பத்துக்கு மூன்று கோப்பை சர்க்கரையா?' என்று பதறி எழுதினார். அப்புறம் கப்புக்கே திரும்பிவிட்டோம். அதுவும் ஊருக்கு ஒரு கப்: அமெரிக்காவில் சுமார் 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. நாங்கள் போட்டது 250.

ஆனால் உங்கள் குழிக்கும் கப்புக்கும் சம்பந்தமில்லை. எங்கள் சமையல் பக்கத்தை எழுதுகிறவர் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி கேக் சுடுகிறார். நீங்கள் 1,868 மீற்றர் உயரத்தில் சுடுகிறீர்கள். அங்கே காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் விடுகிற வாயு மளமளவென்று விரிந்துவிடும், மா வெந்து இறுகுவதற்குள் கேக் உச்சிக்கு ஏறி, பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். உங்கள் ஊரில் பருப்பு லேசில் வேகாததும் உயரத்தால்தான், தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறதே. பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறையுங்கள். சீனியில் கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி குறைத்து, பாலில் இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். போறணைச் சூட்டைப் பத்துப் பாகை ஏற்றுங்கள். (ஆமாம், போறணை. 'அவனைச் சூடாக்கவும்' என்று எழுதினால் எவனை என்று கேட்டுக் கடிதம் வருகிறது.) மலையகத்து இதழில் மலையைக் கணக்கில் எடுக்காமல் குறிப்பு போட்டது எங்கள் பிழைதான்.

அண்ணனின் கப் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று தண்ணீர் ஊற்றி அளந்தேன், 900 மில்லிலீற்றர் பிடிக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும், கொடுத்தனுப்பு என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். தரலாம். இப்போதைக்கு அதில் உளுந்து இருக்கிறது.