ஜீவனாம்ச பாக்கி: ஒரு வருடக் கெடு

கேள்வி: மாதம் ₹12,000 ஜீவனாம்சம் தரும்படி மதுரை குடும்பநல நீதிமன்றம், குற்றவியல் சட்டப்படி உத்தரவிட்டது. முன்னாள் கணவர் 14 மாதமாகத் தரவில்லை. இப்போது கோவையில் வேலை. என்ன செய்யலாம்?
- வாசகி, மதுரை

பதில்: உடனே மனு போடுங்கள் அம்மா. ஒவ்வொரு மாதத் தொகையையும் அது பாக்கியான ஒரு வருடத்துக்குள் கேட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் பிறக்கும். பலரும் ‘தருகிறேன்’ என்ற பேச்சை நம்பிக் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் 2 மாதம் இந்த வழியில் போய்விட்டது, மிச்சம் ₹1,44,000.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பழைய சட்டத்தின் 125-வது பிரிவு இதில் 144) கீழ் மனு. உத்தரவின் சான்றிட்ட நகல், மாதவாரி பாக்கிக் கணக்கு, வங்கி அறிக்கை இணையுங்கள். அவருடைய இப்போதைய வீட்டு முகவரி, அலுவலக முகவரி இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் வாரண்ட் ‘ஆள் இல்லை’ என்று திரும்பி வரும். அவர் இருக்கும் ஊரிலேயே உத்தரவை நிறைவேற்றவும் 147-வது பிரிவு இடம் தருகிறது.

வாரண்டுக்குப் பிறகும் தராவிட்டால், பாக்கி மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று அவர் நினைத்தால் தப்பு: பாக்கி அப்படியே நிற்கும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் கட்டணம் இடித்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு.