பட்டறை பதில்கள்: மூக்கு உரசாமல் ஏற்ற முடியுமா?

கேள்வி: என் பெரியப்பாவின் 2008ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் கார், கோவை வீட்டின் போர்ட்டிகோவில் மூன்று ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டது. நண்பரின் இரட்டை அச்சு டிரெய்லரில் பெங்களூருவில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக எண்ணியிருக்கிறோம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரம். ஏற்றுப் பலகைகள் 2 மீட்டர் நீளம். காரின் முன்விளிம்பு தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 80 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. டிரெய்லரில் 2000 பவுண்டு மின்சார வின்ச் (வடத்தை உருளையில் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) உண்டு. 'காரே 1300 கிலோ, இது எப்படி இழுக்கும்?' என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். பெரிய வின்ச் வாங்க வேண்டுமா?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் வின்ச் போதும். போதாதது அந்த 2 மீட்டர் பலகை.

கேள்வியோடு அளவுகளையும் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படிச் செய்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். 55 செ.மீ. உயரத்துக்கு 2 மீட்டர் பலகையைச் சாய்த்தால் சரிவு 16 டிகிரி. 12 செ.மீ. உயரமும் 80 செ.மீ. நீட்டமும் உள்ள மூக்கு உரசாமல் ஏறக்கூடியது ஏறத்தாழ எட்டரை டிகிரி வரைதான். பலகையில் சக்கரம் ஏறுவதற்குள் பம்பரின் அடிவிளிம்பு போய் முட்டிவிடும். வின்ச் அப்போதும் நிற்காமல் இழுத்துக்கொண்டிருக்கும். பாக்ஸ்டருக்கு ரேடியேட்டர்கள் முன்பக்கம் இரண்டு மூலைகளிலும் தாழ்வாக இருக்கின்றன. பம்பர் கிழிந்தால் அடுத்து அடிபடுவது அவைதான்.

மூக்கு தப்பினாலும் மேலே இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. முன்சக்கரங்கள் தளத்தின் மேலும் பின்சக்கரங்கள் பலகையிலுமாக நிற்கும் நேரத்தில், பலகையும் தளமும் சேரும் முனையில் வண்டியின் வயிறு உட்காரும். இந்தக் காரின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.4 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வயிற்றுக்கு அடியில் 11 செ.மீ. இடைவெளி இருந்தால், அந்த முனை தாங்கும் மடிப்பு 10 டிகிரி அளவுதான். 16 டிகிரியில் கட்டாயம் தட்டும்.

ஆகவே சரிவை 8 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். சமதரை என்றால் 4 மீட்டர் பலகை தேவை. நடுவில் தாங்கு கொடுத்து, நழுவாமல் டிரெய்லரோடு கொக்கி போட்டு மாட்டும்படி இரும்பில் செய்துகொள்ளலாம். ஆனால் செலவே இல்லாத வழி ஒன்று உங்கள் வாசலிலேயே இருக்கலாம். கோவையில் பல வீடுகளின் போர்ட்டிகோ தெருவைவிட உயரமாக இருக்கும். உங்கள் வீட்டில் அந்த உயரம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 30 செ.மீ. இருந்தால், டிரெய்லரைத் தெருவில் நிறுத்தி, பலகையின் கீழ்முனை போர்ட்டிகோவின் விளிம்பில் உட்காரும்படி வையுங்கள். ஏற வேண்டிய உயரம் 25 செ.மீ.தான். அதே 2 மீட்டர் பலகையில் சரிவு 7 டிகிரி சொச்சமாகக் குறைந்துவிடும். இதற்காகத் தெருவைக் கொஞ்ச நேரம் அடைக்க வேண்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் ஹாரன் அடிக்கும்போது இந்த வேலையைச் செய்யவே கூடாது.

இனி வின்ச். சக்கரங்கள் தாராளமாக உருண்டால், 7 அல்லது 8 டிகிரி சரிவில் 1300 கிலோ காரை இழுக்க 200 கிலோ சொச்சம் இழுவிசை போதும். 16 டிகிரியில்கூட 400 கிலோவைத் தாண்டாது. உங்கள் 2000 பவுண்டு என்பது 900 கிலோ. ஆனால் வின்ச்சின் மேல் அச்சடித்திருக்கும் அந்த எண், வடம் உருளையில் முதல் சுற்றடுக்கில் இருக்கும்போது கிடைக்கும் பலம். அடுக்கு ஏற ஏற அது குறையும். குறைந்தாலும் உங்கள் வேலைக்குப் போதும். உருளையில் ஐந்து சுற்றாவது கம்பி எப்போதும் மிச்சமிருக்க வேண்டும். கடைசிச் சுற்று வரை உருவினால் முனையில் இருக்கும் சிறு திருகாணிதான் முழு வண்டியையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

வின்ச் திணறுவது சக்கரம் உருளாதபோது. பூட்டிய சக்கரங்களோடு இழுத்தால் இழுவிசை 900 கிலோவை எட்டிவிடும். மூன்று ஆண்டுகள் நின்ற வண்டியில் பிரேக் பேட் தட்டோடு ஒட்டியிருக்கும். கை பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் பின்சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் ஷூவும் பிடித்திருக்கும். எனவே டயர்களுக்குக் காற்றடித்து, கியரை நியூட்ரலில் வைத்து, சமதரையில் இரண்டு பேர் தள்ளிப் பாருங்கள். உருளாவிட்டால் வின்ச்சைத் தொடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி பிரேக்கை விடுவித்த பிறகுதான் மற்றது.

பேட்டரி விஷயம் பாக்ஸ்டரில் கொஞ்சம் சிக்கலானது. பேட்டரியும் இழுவைக் கொக்கியும் முன்மூடிக்குள் இருக்கின்றன. முன்மூடி திறப்பதோ மின்சாரத்தில். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், வெளியே இழுக்கக்கூடிய ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும். அதில் வெளி பேட்டரியின் பாசிட்டிவையும், கதவுப் பூட்டு மாட்டும் உலோகக் கொண்டியில் நெகட்டிவையும் கொடுத்தால் மூடி திறக்கும். அந்த முனை மூடியைத் திறப்பதற்கு மட்டுமே. அதன் வழியாக இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். பிறகு பேட்டரிக்கே நேராக மின்சாரம் கொடுத்து, ஸ்டியரிங் பூட்டை விடுவியுங்கள். கையோடு ஓட்டுநர் பக்கக் கண்ணாடியையும் முழுவதுமாக இறக்கிவிடுங்கள். தாழ்ந்த கார் தளத்தில் ஏறியதும் டிரெய்லரின் சக்கர மட்கார்டு கதவைத் திறக்க விடாது. ஜன்னல் வழியே கைவிட்டுத்தான் கை பிரேக் போட முடியும்.

இழுவைக் கொக்கியை பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றி, அங்கிருக்கும் துளையில் திருகுங்கள். பல ஐரோப்பியக் கார்களில் இந்த மரை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். ஏறவில்லையே என்று பலவந்தம் செய்தால் மரை போய்விடும். கடைசிச் சுற்று வரை இறுக வேண்டும். பாதி திருகிய கொக்கி வளையும். அது நேராக இழுப்பதற்கு மட்டுமே ஆனது. ஆகவே காரும் டிரெய்லரும் ஒரே கோட்டில் நிற்கும்படி முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். கொக்கி கிடைக்கவில்லை என்றால் சஸ்பென்ஷன் கையிலோ ஸ்டியரிங் கம்பியிலோ எதையாவது மாட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். சரியான கொக்கியை வாங்கிய பிறகு இன்னொரு நாள் ஏற்றலாம்.

டிரெய்லரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதிகக் கவலை அதில்தான். நீலாம்பூர் புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு முறை வேறொருவர் கார் ஏற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரின் எடை டிரெய்லரின் வாலில் விழுந்ததும் அதன் மூக்கு மேலே எழும்பி, இழுக்கும் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கியது. பின்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமல் நின்றன. கை பிரேக்கும் கியரும் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பின்சக்கரங்களைத்தான். பிக்கப், டிரெய்லர், பாதி ஏறிய கார் மூன்றும் சேர்ந்து மெல்ல நகரத் தொடங்கின. நல்லவேளையாகப் பின்னால் யாரும் இல்லை. அதனால் சொல்கிறேன்: டிரெய்லர் பிக்கப்போடு பூட்டப்பட்டிருக்க வேண்டும், பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் இரண்டு பக்கமும் கட்டை வைக்க வேண்டும், டிரெய்லரின் வாலுக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டு கொடுக்க வேண்டும். முட்டு கொடுக்காத டிரெய்லரில் நான் கார் ஏற்றுவதில்லை.

இழுக்கும்போது காருக்குள் யாரும் வேண்டாம். பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. வின்ச்சை இயக்குபவர், கையில் பிடிக்கும் பொத்தானின் கேபிள் எட்டும் அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும். ஒருவர் தரையோடு தலை வைத்து, டார்ச் வெளிச்சத்தில் மூக்கின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதுவும் பக்கவாட்டிலிருந்துதான். ஒரு முழம் இழுத்து நிறுத்துங்கள், பாருங்கள், மறுபடி ஒரு முழம். பலகைக்கும் பம்பருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி தெரிகிறவரை பயமில்லை. அது ஒரு விரலாகக் குறைந்தால் பின்னோக்கி இறக்கி, பலகையின் அடியில் கட்டை கொடுத்துச் சரிவைக் குறைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.

பாக்ஸ்டருக்கு இன்ஜின் நடுவில், இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. எடை பின்பக்கம் சற்றுக் கூடுதல். அதனால் வண்டியை முன்னோக்கி நன்றாக ஏற்றுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது டிரெய்லரின் மூக்கில் விழ வேண்டும். வால் கனத்த டிரெய்லர் வேகமெடுத்ததும் இடமும் வலமும் ஆடும். நான்கு டயர்களையும் தனித்தனிப் பட்டைகளால் தளத்தோடு கட்டுங்கள். வின்ச் வடத்தைக் கட்டாக நினைத்துப் பயணம் போகாதீர்கள். கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் ஒரு முறையும், தொப்பூர் கணவாய்க்கு முன் ஒரு முறையும் நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். முதல் சில கிலோமீட்டர்களில் டயர்கள் பதிந்து பட்டைகள் தளர்வது வழக்கம்.

கேள்வி: வின்ச்சுக்கு இரும்புக் கம்பி வடம் நல்லதா, நைலான் மாதிரி இருக்கும் செயற்கைக் கயிறு நல்லதா?
- வாசகர், நாமக்கல்

பதில்: கார் ஏற்றும் வேலைக்கு நான் செயற்கைக் கயிற்றைத்தான் சொல்வேன். இரும்பு வடம் அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும். அது கனம் என்பதால் அடியும் பலம். செயற்கைக் கயிறு லேசானது. ஆனால் வெயிலில் நைந்துவிடும், மணலும் கூர்விளிம்பும் அதற்கு ஆகாது. வேலை முடிந்ததும் உறை போட்டு மூடி வைக்கச் சோம்பல் இல்லாதவர்களுக்கே அது சரிப்படும். ஏற்கெனவே இரும்பு வடம் வைத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. தடித்த தோல் கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தேய்ந்த வடத்தில் ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையில் வடம் ஓடும்போது சதையோடு கிழிக்கும். பழைய துணியால் வடத்தைத் துடைத்துப் பாருங்கள். துணி மாட்டினால் அந்த வடத்தை மாற்றுங்கள். எந்த வடமானாலும் இழுக்கும்போது அதன் நடுவில் ஈரச் சாக்கையோ கனமான போர்வையையோ போட்டு வையுங்கள். அறுந்தாலும் வேகம் தணியும்.

கேள்வி: எங்களிடம் கையால் சுற்றும் வின்ச் இருக்கிறது. ஏற்றுவது எளிதாக இருக்கிறது. இறக்கும்போது கைப்பிடி கையை உதறுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உடனே அதை நிறுத்துங்கள். உங்களிடம் இருப்பது பிரேக் இல்லாத, பற்சக்கரத்தில் நாக்கு மட்டும் விழும் வகை. ஏற்றும்போது அந்த நாக்கு காப்பாற்றும். இறக்குவதற்கு நாக்கைத் தூக்கிய நொடியிலிருந்து வண்டியின் முழு இழுப்பும் உங்கள் மணிக்கட்டில்தான் நிற்கிறது. கைப்பிடி ஒரு முறை நழுவினால் அசுர வேகத்தில் சுழலும், பிடிக்கப் போன கை உடையும். பிரேக் உள்ள கைவின்ச் கிடைக்கிறது. கையை விட்டாலும் அது இருந்த இடத்திலேயே நிற்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். மின்சார வின்ச் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: வடத்தில் பாரம் இருக்கும்போது உருளையை விடுவிக்கும் கிளட்ச்சை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். இறக்கும் நாளிலும் டிரெய்லரின் வாலுக்கு முட்டு கொடுத்த பிறகுதான் டயர் பட்டைகளைக் கழற்ற வேண்டும், அதற்கு முன்பே வின்ச் வடத்தை மாட்டி இறுக்கியிருக்க வேண்டும்.