பேக்கப்பில் கசியும் ரகசியம்

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்கிறார்கள். ஆனால் போன் தொலைந்து புதுசு வாங்கியதும் பழைய சாட் எல்லாம் அப்படியே வந்துவிட்டதே! அப்படியானால் சாவி யாரிடம் இருக்கிறது?

பதில்: சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் உங்கள் போனில் பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கின்றன. அந்தப் பூட்டு வழிப்பயணத்துக்கு மட்டும். வந்து சேர்ந்த செய்திகள் பேக்கப்பாக கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது அது கூடவே போகாது. பேக்கப்புக்கென்று தனிப் பூட்டு 2021-இல்தான் வந்தது. அதையும் நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப், அதற்குள் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்'. பாஸ்வேர்டு வைக்கலாம், இல்லையென்றால் 64 இலக்கச் சாவி. பெரும்பாலோருக்கு பாஸ்வேர்டே போதும். சில முறைக்கு மேல் தப்பாகப் போட்டால் பேக்கப்பின் சாவி இருக்கும் பெட்டகம் நிரந்தரமாக மூடிக்கொள்ளும் என்பதால், யாரும் உட்கார்ந்து ஊகித்துத் திறக்க முடியாது. 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தால் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதில் அர்த்தமே இல்லை. போனும் போய், பாஸ்வேர்டும் மறந்தால் பேக்கப் போனதுதான்; வாட்ஸ்அப்காரர்களாலும் மீட்டுத் தர முடியாது.

ஐபோன்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போன் முழுவதற்குமான ஐகிளவுட் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், பூட்டாத பிரதி ஒன்று அந்த வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இத்தனையும் செய்தாலும், உங்களோடு பேசுபவர் தன் பேக்கப்பைப் பூட்டாவிட்டால் உங்கள் வார்த்தைகள் அவருடைய கணக்கில் திறந்துதான் கிடக்கும். குரூப் என்றால் கேட்கவே வேண்டாம். ரகசியமான விஷயத்துக்கு, தானாக மறையும் மெசேஜ் வசதியை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: இணையதள முகவரியில் பூட்டுக் குறி இருந்தால் நம்பலாமா?

பதில்: கூடாது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். தளத்தை நடத்துவது திருடனா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாக, சில நிமிடங்களில் கிடைக்கிறது, திருடனும் வாங்குவான். இந்தக் குழப்பத்தால்தான் 2023-இல் குரோம் அந்தக் குறியையே எடுத்துவிட்டது. முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் கடைசியாக இருக்கும் பெயரை, .com, .in போன்ற வாலோடு சேர்த்துப் பாருங்கள். வங்கியின் பெயர் தொடக்கத்தில் இருந்து, அந்த இடத்தில் வேறேதோ பெயர் இருந்தால் அது வங்கியின் தளம் அல்ல.

கேள்வி: தளங்களில் உள்ளே நுழைய ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்க எண் திடீரென்று செல்லவில்லை. ஏன்?

பதில்: போனின் கடிகாரத்தைப் பாருங்கள். ஆப்பில் கணக்கைச் சேர்க்கும்போது முதலில் ஸ்கேன் செய்த கியூஆர் கோடில் இருந்த ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் 30 விநாடிக்கு ஒரு புது எண் பிறக்கிறது. அதனால்தான் இணையமே இல்லாமலும் அந்த ஆப் வேலை செய்கிறது. கடிகாரம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் பிசகினாலே எதிர்முனையில் தளம் போடும் கணக்கோடு ஒத்துப்போகாது.

வெளிநாடு போனவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நேர மண்டலத்தை மாற்றாமல், மணியை மட்டும் கையால் திருத்திவிடுவார்கள். உள்ளே கணக்கு உலகப் பொது நேரத்தில் நடப்பதால், மணிக்கணக்கில் தப்பாகிவிடும். தேதி-நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொன்று: போனை ரீசெட் செய்யும் முன் ஆப்பில் உள்ள கணக்குகளைப் புது போனுக்கு மாற்றி, ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். ஆப் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய ஒவ்வொரு தளமும் தரும் பேக்கப் கோடுகளைப் போனுக்கு வெளியே எழுதி வையுங்கள். ஒரு கோடு ஒரு முறைதான் செல்லும், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள்.