பிணைப்புப் புள்ளியில் (பிணைந்த இரு அணுக்களுக்கு இடையே அடர்த்தியைப் பார்க்கும் இடம்) இலத்திரன் அடர்த்தி 0.25 என்று வருகிறதே, அது எந்த அலகு?

கார்பன்-கார்பன் பிணைப்புக்கு மல்டிடபிள்யூஎஃப்என் (இலத்திரன் அடர்த்தியை ஆராயும் மென்பொருள்) 0.25 என்கிறது, கட்டுரையில் 1.69 இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒன்றுதான் தம்பி. யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் சொல்வோம், கொழும்பில் பேர்ச்சஸ் என்பார்கள், பரப்புக்கு 10 பேர்ச்சஸ், காணி அதே காணி.

மென்பொருள் அணு அலகில் எழுதுகிறது, கட்டுரை ஆங்ஸ்ட்ராமில் (அணு அளவு நீளங்களுக்கான அலகு). அணு அலகில் நீளத்தின் அலகு போர், அதாவது 0.529 ஆங்ஸ்ட்ராம். இலத்திரன் அடர்த்தி கன அளவுக்கானது என்பதால் 0.529இன் மூன்றாம் அடுக்கால் வகுக்க வேண்டும், எண் 6.748 மடங்காகும், 0.25 என்பது 1.69 ஆகிவிடும். லாப்லாசியனில்தான் (அடர்த்தியின் இரண்டாம் வகைக்கெழு) கவனம்: நீளத்தால் இன்னும் இருமுறை வகுபடுவதால் அங்கே ஐந்தாம் அடுக்கு, 24.1 மடங்கு. நான் அதற்கும் 6.748ஐயே போட்டு, அப்புறம் அட்டவணை முழுவதையும் திரும்பத் தட்டினேன். சக்தி ஹார்ட்ரீயில் (அணு அலகில் சக்தியின் அலகு) வரும், 627.5ஆல் பெருக்கினால் மோலுக்கு இத்தனை கிலோகலோரி.