அன்சாக் நாளும் ஆஸ்திரேலியாவின் முதல் உலகப் போரும்: கேட்டவையும் சொன்னவையும்

ஏப்ரல் 25 அன்சாக் நாள்; ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைப்பிரிவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் ‘அன்சாக்’. அன்று இருட்டு பிரியும் முன்பே ஆஸ்திரேலிய ஊர்களில் நினைவுத்தூணைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். மெல்பர்னுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. விசாரிக்கப் போய், வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். முதல் உலகப் போர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள்.

மதுரை வாசகர்: சார், எம்டன் கப்பலை மூழ்கடித்தது ஆஸ்திரேலியாக்காரர்கள்தானா?

அடித்து நொறுக்கியது அவர்கள்தான். மூழ்கவில்லை, கரைதட்டி நின்றது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு நழுவிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். கைகாரனைப் பார்த்து ‘சரியான எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அது. ஆல்பனி துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 1 அன்று கிளம்பிய கப்பல் வரிசைக்கு ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும் காவல். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்திலிருந்து ‘அந்நியக் கப்பல் ஒன்று நிற்கிறது’ என்று செய்தி வந்ததும் அது வரிசையை விட்டுப் பிரிந்து போனது. நவம்பர் 9. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, எம்டனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியை: பிரிட்டனின் சண்டைக்கு இவர்கள் ஏன் போனார்கள்? கட்டாயப்படுத்தினார்களா?

இல்லைங்க, அதுதான் விசேஷம். பிரிட்டன் போரில் இறங்கியதும் சட்டப்படி ஆஸ்திரேலியாவும் இறங்கியதாகிவிட்டது. ஆனால் கடல் கடந்து போன படையில் கடைசி நாள்வரை ஒருவரைக்கூட இழுத்துச் சேர்க்கவில்லை. அப்போது ஜனத்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. 4 லட்சத்துக்கு மேல் பெயர் கொடுத்தார்கள், சுமார் 3,30,000 பேர் கப்பல் ஏறினார்கள், சுமார் 60,000 பேர் திரும்பவில்லை. தாய்நாட்டுப் பாசம், ஊர் சுற்றும் ஆசை, நாளுக்கு ஆறு ஷில்லிங் சம்பளம் என்று ஆளுக்கொரு காரணம். தானாகப் போனார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உள்ளூரில் கிளம்பிய சண்டை முழுக்க அதிலிருந்துதான்.

திருச்சி வாசகர்: கலிப்போலியில் தோற்றுத்தானே வந்தார்கள்? தோல்விக்கா இவ்வளவு மரியாதை?

தோல்விதான். 1915 ஏப்ரல் 25 விடியலில் துருக்கிக் கரையில் இறங்கி, எட்டு மாதம் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆஸ்திரேலியர்களில் மட்டும் 8,000க்கு மேல் பலி. ஆனால் அந்தக் கிளம்பல் இருக்கிறதே, அதுதான் அந்தப் படையெடுப்பிலேயே உருப்படியாக நடந்த காரியம் என்பேன். ஆள் குறைவது எதிரிக்குத் தெரியக் கூடாது. வில்லியம் ஸ்கரி என்ற சிப்பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். துப்பாக்கியைப் பதுங்குகுழி விளிம்பில் பொருத்தி, விசையோடு ஒரு காலி டின்னைக் கட்டித் தொங்கவிடுவது. மேலே இன்னொரு டின்னில் தண்ணீர், அதன் அடியில் பொத்தல். சொட்டுச் சொட்டாகக் கீழ் டின் நிறைந்து கனம் ஏறினால் விசை இழுபடும், குண்டு பாயும். ஆள் படகேறிய பிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கும். கடைசித் தொகுதி டிசம்பர் 19 ராத்திரி கிளம்பி, விடிவதற்குள் அவர்கள் பிடித்திருந்த அன்சாக் முனை காலி. சேதம் ஏறக்குறைய இல்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இறந்த 60,000 பேரில் சுமார் 46,000 பேர் விழுந்தது பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில். ஃப்ரொமெல் என்ற ஊரில் 1916 ஜூலை 19 மாலை தொடங்கி மறுநாள் காலைக்குள் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து 5,500க்கு மேல். அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை, எல்லோரும் கலிப்போலியையே கேட்கிறீர்கள்.

சேலம் வாசகி: ஊரில் இருந்தவர்கள் நிலைமை என்ன அண்ணா?

ஃப்ரொமெல்லுக்குப் பிறகு பொசியேர் என்ற பிரெஞ்சு ஊரில் சண்டை. அதற்குப் பிறகு ஆள் போதவில்லை. பிரதமர் பில்லி ஹியூஸ் கட்டாய ராணுவ சேவை கொண்டுவர ஜனங்களிடமே வாக்கு கேட்டார். 1916 அக்டோபர் 28: வேண்டாம் 11,60,033, வேண்டும் 10,87,557. கடல் கடந்து போயிருந்த சிப்பாய்களிலேயே கிட்டத்தட்ட 59,000 பேர் ‘வேண்டாம்’ என்று போட்டார்கள். ஹியூஸின் லேபர் கட்சி இரண்டாக உடைந்தது. அவர் எதிர்த்தரப்போடு சேர்ந்து பிரதமராகவே நீடித்து, 1917 டிசம்பரில் மறுபடி கேட்டு, இன்னும் மோசமாகத் தோற்றார். மெல்பர்ன் பேராயர் டேனியல் மேனிக்ஸ் எதிர்ப்பக்கம். ஐரிஷ் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பழைய பகையும் இதில் ஏறிக்கொண்டது. போகாத இளைஞன் கையில் வெள்ளை இறகைக் கொடுத்து ‘நீ கோழை’ என்று காட்டுவார்கள்.

ஒரு வேடிக்கை: குயின்ஸ்லாந்தின் வார்விக் ரயில் நிலையத்தில் ஹியூஸ் மீது முட்டை வீசி, தொப்பி பறந்தது. வீசியவனைக் கைது செய் என்றார். உள்ளூர் போலீஸ்காரர், நான் மாநிலச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டவன் என்று மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மத்திய அரசுக்கென்று ஒரு தனி போலீஸ்.

சிட்னியில் இருக்கும் யாழ்ப்பாணத்து வாசகர்: அண்ணை, இங்க இருந்த ஜெர்மன்காரருக்கு என்ன நடந்தது?

கிட்டத்தட்ட 7,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். உங்கள் சிட்னிக்குப் பக்கத்து ஹோல்ஸ்வொர்தியில்தான் பெரிய முகாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1917இல் சட்டம் போட்டு 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்களை மாற்றினார்கள். ஹான்டார்ஃப் ‘ஆம்பிள்சைடு’ ஆனது, 1935இல்தான் பழைய பெயர் திரும்பியது.

தஞ்சாவூர் வாசகர்: பூர்வகுடி மக்களும் போனார்களா?

போனார்கள். ஐரோப்பிய வம்சம் இல்லாதவரைச் சேர்க்காதே என்று விதி இருந்தும் சுமார் 1,000 பேர் எப்படியோ நுழைந்துவிட்டார்கள். சம்பளம் சமமாகக் கிடைத்தது. திரும்பி வந்ததும் மற்ற சிப்பாய்களுக்கு விவசாய நிலம், இவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை.

நாகர்கோவில் வாசகி: இறந்த செய்தி வீட்டுக்கு எப்படி வரும்?

நம்மூரில் தந்திக்காரர் சைக்கிள் தெருவில் நுழைந்தாலே வயிறு கலங்குமே, அங்கே பாதிரியார். தந்தி அவரிடம் போகும், அவர் நடந்து வந்து கதவைத் தட்டுவார். சும்மா நலம் விசாரிக்கக்கூட எந்த வீட்டு வாசலிலும் நிற்க முடியாதபடி ஆகிவிட்டது அவர் நிலைமை.

உடல் வராது. போரில் இறந்து, ஆள் இன்னார் என்று தெரிந்து ஊருக்கு வந்த உடல் ஜெனரல் பிரிட்ஜஸ் ஒருவருடையதுதான். மற்றவர்களின் குடும்பத்துக்குக் கல்லறைக் கல்லில் 66 எழுத்து இடம், எழுத்துக்கு மூன்றரை பென்ஸ் கட்டணம். பெற்றவள் எழுத்தை எண்ணி எழுத வேண்டும்.

அதனால்தான் ஊருக்கு ஊர் நினைவுத்தூண். பல ஊர்களில் செத்தவர் பெயரோடு, போய்வந்தவர் பெயரையும் பொறித்திருப்பார்கள். எல்லோரும் தானாகப் போனவர்கள் அல்லவா? சின்ன ஊரில் அந்தக் கல்லைப் படிப்பவருக்கு, யார் பெயர் அதில் இல்லை என்பதும் தெரிந்துவிடும். பெயர் இல்லாதவர் பால் வாங்கவும் கடைக்குப் போகவும் அதைக் கடந்துதான் போக வேண்டும்.