தூர் அரைத்த மரச்சீவலை அப்படியே உழுதுவிடலாமா?

கேள்வி: தோட்டத்தின் ஓரத்தில் இருந்த ஐந்து மரங்களை வெட்டி, தூரையும் இயந்திரம் வைத்து அரைத்துவிட்டேன். ஒவ்வொரு குழியிலும் மரச்சீவலும் மண்ணும் கலந்து மேடு மேடாகக் கிடக்கிறது. உழுதுவிட்டால் மட்கி உரமாகிவிடும் என்கிறார்கள். அங்கே தக்காளி நட நினைக்கிறேன். ஒரு மரம் மட்டும் வெட்டும் முன்பே பட்டுப்போயிருந்தது; அதன் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் இருந்தது. என்ன செய்யலாம்?

பதில்: உழ வேண்டாம். சீவலை முடிந்தவரை குழியிலிருந்து வாரி வெளியே எடுங்கள். நல்ல பொருள்தான், ஆனால் அது இருக்க வேண்டிய இடம் மண்ணுக்கு மேலே.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக மட்கிய தொழு உரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) சுமார் 20 பங்கு கரிமச்சத்து (கார்பன்) இருக்கும். மரச்சீவலில் அதுவே 300, 400 பங்கு வரை போகும். மட்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கோ 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். சீவலில் அது கிடைக்காதபோது சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் தக்காளிக்கு மிஞ்சாது. அடியிலைகள் முதலில் வெளிறி மஞ்சளாகும், செடி வளராமல் நிற்கும். அந்தத் தழைச்சத்து பிறகு மண்ணுக்குத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் உங்கள் பயிர்க்காலம் முடிந்துவிடும். சீவலை மேலே பரப்பினால் இந்தச் சண்டை மண்ணின் மேல் படலத்தோடு நின்றுவிடும், ஆழத்தில் இருக்கிற வேருக்குத் தொந்தரவு இல்லை.

இன்னொரு சிக்கல், குழியில் புதைந்த சீவல் மட்க மட்க அந்த இடம் உள்வாங்கும். பாசனத் தண்ணீர் அங்கே தேங்கி நிற்கும்.

எடுத்த சீவலை வளர்ந்த பழமரங்களுக்கு மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போடுங்கள். 5 முதல் 10 செ.மீ. கனம் போதும். தூரில் அரைத்தது கிளைச் சீவலைவிடப் பொடியாகவும் மண் கலந்தும் இருப்பதால், கனமாகப் போட்டால் இறுகிப்போய் தண்ணீரைக் கீழே விடாது. மரத்தின் அடிப்பட்டையை ஒட்டிக் குவிக்காதீர்கள், ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். வீட்டுச் சுவர், மரத்தூண் பக்கம் வேண்டவே வேண்டாம், கரையான் வரும்.

மீதியை மட்கு உரமாக்கலாம். காய்ந்த சீவல் 100 கிலோவுக்கு யூரியா 2 கிலோ அளவில் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். யூரியா வேண்டாம் என்றால் பச்சைச் சாணமும் பசுந்தழையும் தாராளமாக அடுக்கடுக்காகப் போடுங்கள். ஈரம்தான் முக்கியம். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்: விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம், கையே நனையவில்லை என்றால் தண்ணீர் விட வேண்டும். குவியலை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்து நடுவில் ஒரு கம்பியைச் செருகி வைத்து எடுத்துத் தொடுங்கள், சூடாக இருக்க வேண்டும். சூடே இல்லை என்றால் ஈரமோ தழைச்சத்தோ போதவில்லை. அவ்வப்போது கிளறிவிட்டாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும். சில்லு கறுத்து, விரலால் நசுக்கினால் உதிர்ந்து, மண்வாசம் அடித்தால் வயலுக்குப் போடலாம்.

மாடு வைத்திருந்தால் இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. சீவலை நன்றாக உலர்த்தி, கல்லும் ஆணியும் பொறுக்கிவிட்டுத் தொழுவத்தில் பரப்புங்கள். மூத்திரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், குப்பைக்குழியில் சீக்கிரம் மட்கும். ஈரச் சீவலைப் போடாதீர்கள், பூசணம் பிடிக்கும்.

இனி அந்தப் பட்டுப்போன மரம். நீங்கள் கவனித்துச் சொன்னது நல்லதாயிற்று. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் இருந்தால் கானோடெர்மா போன்ற வேரழுகல் பூசணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தூரிலும் வேரிலும் பல வருடம் உயிரோடு இருக்கும், வேரோடு வேர் தொடும்போது பக்கத்து மரத்துக்குத் தாவும். அந்தக் குழிச் சீவலை மற்றதோடு கலக்காதீர்கள், எந்த மரத்துக்கும் மூடாக்காகப் போடாதீர்கள். இயந்திரம் பெரும்பாலும் தரைக்குக் கீழே 15 முதல் 30 செ.மீ. வரைதான் அரைக்கும், அதற்குக் கீழே இருக்கிற பருத்த வேர்களைத் தோண்டி எடுத்து, சீவலோடு சேர்த்து உலர்த்தி எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் உடனே மறுபடி மரம் வைக்க வேண்டாம். இந்தப் பூசணங்கள் பொதுவாக மரவகைகளையே தாக்குவதால் காய்கறி வைப்பதில் தடையில்லை.

குழிகளை மேல்மண் போட்டு நிரப்பும்போது தரையைவிட ஒரு சாண் உயர்த்தியே நிரப்புங்கள், எப்படியும் அமுங்கும். எவ்வளவு வாரினாலும் கொஞ்சம் சீவல் மண்ணில் தங்கிவிடும். அதனால் அந்தக் குழிகளில் மட்டும் முதல் பருவத்துக்குத் தட்டைப்பயறோ சணப்போ விதையுங்கள். வேர்முடிச்சு மூலம் தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். தக்காளியை அடுத்த பருவத்தில் அங்கே கொண்டு வரலாம், மற்ற இடத்தில் இப்போதே நடலாம்.

அப்புறம், பட்டுப்போகாத நான்கு மரங்களின் பக்கவேர்கள் உயிரோடு இருந்தால் துளிர் கிளம்பும். பென்சில் கனம் ஆகும் முன்பே வேரோடு பிய்த்து எடுத்துவிடுங்கள்.