கேப்ஸ்யூல் போட்டும் எடை குறைகிறதே?

கேள்வி: எனக்கு வயது 38. நான்கு வருடமாக நாள்பட்ட கணைய அழற்சி. கணையக் குழாயில் கல் இருப்பதாக ஸ்கேனில் வந்தது. 25,000 என்சைம் கேப்ஸ்யூலை மூன்று வேளையும் சாப்பிட்டு அரை மணி கழித்துப் போடுகிறேன். ஆனாலும் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது. ஆறு மாதத்தில் 5 கிலோ குறைந்துவிட்டேன். எண்ணெயை அடியோடு நிறுத்தியும் பயனில்லை. இப்போது சுகரும் வந்துவிட்டது. வலிக்கு டிரமடால் போடுகிறேன். ஒரு டாக்டர் ஸ்டென்ட் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல் கோளாறு நேரத்தில்தான். இந்த கேப்ஸ்யூல் சாப்பாட்டோடு கலந்து குடலுக்குப் போனால்தான் கொழுப்பைச் செரிக்கும். அரை மணி கழித்துப் போட்டால் சாப்பாட்டில் ஒரு பகுதி முன்னமே குடலுக்கு இறங்கியிருக்கும், மருந்து பின்னால் தனியாகப் போகும். சாம்பார் சாதத்தின் முதல் கவளத்தோடு ஒன்று, ரசத்துக்குப் போகும்போது இன்னொன்று என்று பிரித்துப் போடுங்கள்.

ஆம், இரண்டு. 25,000 என்பது கொழுப்பைச் செரிக்கும் என்சைமான லைப்பேஸின் யூனிட் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 வரை என்பதுதான் வழக்கமான தொடக்க அளவு. வடை, சுண்டல், டம்ளர் நிறையப் பால் காபி போன்றவற்றுக்கு அதில் பாதி. வெறும் பழத்துக்கும் கடுங்காபிக்கும் வேண்டாம். பிரியாணி நாளில் இன்னும் கூடத் தேவைப்படலாம். அளவைக் கூட்டுவதை உங்கள் குடல் நோய் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கேப்ஸ்யூலை மெல்லக் கூடாது. விழுங்க முடியாவிட்டால் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை ஆப்பிள் கூழில் கலந்து உடனே விழுங்கித் தண்ணீர் குடியுங்கள். சூடான சாதத்தில் தூவினால் மருந்து கெடும். வெயில் காலத்தில் பைக் பெட்டியில் வைத்திருந்தாலும் அப்படித்தான். இவை பன்றிக் கணையத்திலிருந்து தயாராகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல கடைகளில் இதைச் சொல்வதில்லை.

இப்படிச் செய்தும் எண்ணெய்ப் பசை நிற்காவிட்டால், அமிலம் குறைக்கும் மாத்திரை தேவையா என்று கேளுங்கள். மணிகளின் மேல்பூச்சு அமிலம் தணிந்த இடத்தில்தான் கரையும். கெட்டுப்போன கணையம் அமிலத்தை முறிக்கும் நீரைப் போதிய அளவு சுரக்காததால், சிறுகுடலின் தொடக்கத்திலும் புளிப்பு நீடித்து மணிகள் திறக்கத் தாமதமாகும்.

எண்ணெயை அடியோடு நிறுத்தியது தவறு. எடை இழந்த உடம்புக்கு அது மேலும் பட்டினி. அளவான எண்ணெயும் அதற்கேற்ற கேப்ஸ்யூலும்தான் சரி. வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொழுப்பு சேராத உடம்பில் இந்த இரண்டும் சத்தமில்லாமல் குறையும்.

சுகர் விஷயத்தில் கவனம் தேவை. கணையம் கெட்டு வரும் சுகரில் இன்சுலினோடு, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககானும் குறையும். அதனால் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கேப்ஸ்யூல் சரியாக வேலை செய்யத் தொடங்கியதும் உணவு உடம்பில் சேர்ந்து சர்க்கரை ஏறவும் செய்யும். அந்த வாரங்களில் வீட்டிலேயே அடிக்கடி பாருங்கள். இன்னொன்று, எடை குறைவும் புதிய சுகரும் சேர்ந்து வந்திருப்பதால், கட்டி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்த ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டென்ட்டா (எண்டோஸ்கோபி வழியாகக் கணையக் குழாயில் வைக்கும் சிறு குழல்) ஆபரேஷனா என்பதற்கு உங்கள் ஸ்கேனைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஆனால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாருங்கள்: குழாய் எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது, கல் கணையத்தின் தலைப்பகுதியிலா வால்பகுதியிலா, தலைப்பகுதி வீங்கியிருக்கிறதா. 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல் என்றால் பெரும்பாலும் முதலில் அதிர்வலையால் உடைப்பார்கள். ஸ்டென்ட் ஒருமுறை வைத்து மறந்துவிடும் பொருள் அல்ல, அடைத்துக்கொண்டால் காய்ச்சலும் வலியும் வரும். குறித்த தேதியில் மாற்ற வேண்டும். இது பல மாதம் தொடரலாம். அந்த அலைச்சலையும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நெதர்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், குழாய் விரிந்து, கடும் வலிக்கு டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை மாத்திரையைச் சமீபத்தில்தான் தொடங்கியவர்களுக்கு, எண்டோஸ்கோபியில் தொடங்குவதைவிட முன்கூட்டியே ஆபரேஷன் செய்தது வலியை அதிகம் குறைத்தது. குழாய் விரிந்திருந்து, டிரமடாலைச் சமீபத்தில்தான் தொடங்கியிருந்தால் உங்கள் நிலையும் அதற்கு நெருக்கம்தான். அறுவை மருத்துவரை இப்போதே பார்ப்பது நல்லது.

என்சைம் வலியைத் தீர்க்கும் என்று நம்பி டிரமடாலைத் திடீரென நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சிலவற்றோடு டிரமடால் சேர்ந்தால் ஆபத்து. மது, பீடி, சிகரெட் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மதுவை விட்டுவிட்டுப் புகையை மட்டும் தொடர்ந்தாலும் கணையத்தில் கல் படிவது வேகமாகும்.